வெள்ளைப் பாவும் ஊறிய நெல்லும்

அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான். ‘கடந்த இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஆலைப் புகையால் நூல் கெட்டதாக அக்கம்பக்கத்தில் ஒருவரும் புகார் செய்ததில்லை.’

எண்பதுகளின் பிற்பாதி. ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. காற்றுக்கும் சட்டம் வந்துவிட்டதே என்று முதலாளி வாய்பிளந்து நின்ற காலம். புகைபோக்கியை உயர்த்து, இல்லையேல் பாய்லரை நிறுத்து என்று வேலூர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நேரில் பார்க்க வரும் அதிகாரியிடம் கொடுக்க, ஓராண்டு விதிவிலக்கு கேட்டு மனு எழுதச் சொன்னார்.

“நல்லா உருக்கமா எழுதுடா. படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்.”

“நம்ம புகை பட்டாலே வந்துடுங்க.”

பேரேட்டைத் தூக்கி எறிந்தார். நான் குனிந்துகொண்டேன். எழுதினேன்.

அந்த வாக்கியம் உண்மை. அதுதான் அதன் அசிங்கம். ஆலையை ஒட்டி எங்கள் நெசவாளர் தெரு. பொழுது விடிந்ததும் பட்டுப் பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிப்பார்கள். காய்ந்ததும் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோவார்கள். ஈர இழையில் உமிக்கரி விழுந்தால் விழுந்ததுதான், எதற்கும் போகாது. முன்பு ஆலை வாசலில் நின்று கத்திப் பார்த்தார்கள். கேட்பாரில்லை. பிறகு நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். சந்தனம் போயிற்று, இளமஞ்சள் போயிற்று. அரக்கு, கருநீலம், கத்திரிப்பூ. கரி விழுந்தாலும் காட்டிக்கொடுக்காத நிறங்கள். அப்புறம் யார் புகார் செய்வார்கள்?

அண்ணன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த வாக்கியத்தை அண்ணியிடம் ஒப்பித்துக் காட்டினேன். என் எழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு கொழுப்பு. அண்ணியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“ஆபீசரு எப்ப வர்றாரு?”

“வியாழக்கெழம. எட்டு மணி பஸ்ஸு.”

ஏன் சொன்னேன்? குற்ற உணர்ச்சியா, பெருமையா? இன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை தெருவில் கண் கூசியது. சாயமே ஏறாத வெள்ளைப் பாவு. வீட்டில் இருந்த ஒரே பாவு. அதைக் கட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்து ஆலையைப் பார்த்தபடி நின்றாள் அண்ணி.

முதலாளி வாசலுக்கு வந்தார், வெள்ளையைப் பார்த்தார், உள்ளே திரும்பி பாய்லரை அணைக்கச் சொன்னார். ஆனால் தொட்டிகளில் நெல் ஊறியிருந்தது. நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து நாறும். கஞ்சி தெளித்த பாவும் அப்படித்தான், வெயில் ஏறுமுன் சுருட்டாவிட்டால் இழை முறுகி அறும். இரண்டும் பஸ்ஸில் வரும் ஒரு மனிதருக்காகக் காத்துக் கிடந்தன.

எட்டு மணி பஸ் வரவில்லை. கண்ணமங்கலத்தில் டயர் வெடித்து நிற்கிறதாம்.

ஒன்பதரைக்கு முதலாளி குரலில் தேன் தடவினார். “ஏம்மா, வெயில் ஏறுது பாரு. சுருட்டிக்கோம்மா. இழை அறுந்துடப் போவுது.”

“எங்க இழை மேல ரெண்டு வருசமா இல்லாத அக்கறை இன்னைக்கு இன்னாத்துக்கு? உங்க நெல்லு நாறிகினு கீது, அத்தப் பாருங்க மொதலாளி.”

தெருவே சிரித்தது. அவள் மறுபடியும் தண்ணீர் தெளித்தாள். நாலைந்து இழை அறுந்து தொங்கின. அண்ணன் பாவைத் தாங்கிய குறுக்குக் கம்பைத் தொட்டார்.

“சுருட்டிடலாம்டி. எதுக்குப் பேஜாரு?”

“கம்புல கை வெச்சுப் பாருங்க, தெரியும்.”

அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். தொட்டி நாற்றம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. முதலாளி என் முதுகில் இடித்தார். “போடா, உங்க அண்ணிகிட்ட சொல்லு, ஜல்தி.” போனேன். வாய் திறக்குமுன்,

“நீ யாரு ஆளா வந்துகினு கீற தம்பி?” என்றாள்.

திரும்பி வந்தேன்.

பத்தரைக்கு முதலாளி தோற்றார். “கொளுத்துங்கடா!”

புகைபோக்கி ஒருமுறை செருமியது. பிறகு மெதுவாக, சோம்பேறித்தனமாக, கறுப்பு இறங்கியது. வெள்ளைப் பட்டின் மேல் ஒவ்வொரு துகளும் உட்கார இடம் பார்த்து உட்கார்ந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அசையவில்லை. கண் கொட்டாமல், தன் பாவு நாசமாவதைக் கடைசி இழைவரை பார்த்தாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். குனிந்தார். ஓர் இழையை விரலால் நீவினார், விரலைப் பார்த்தார், கைக்குட்டையில் துடைத்தார். மனுவை வாங்கி என் வாக்கியத்தை உரக்கப் படித்தார்.

“யார் எழுதினது இது?”

முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணி முந்திக்கொண்டாள்.

“எங்க வூட்டுப் புள்ளதாங்க சார். கையெழுத்து முத்து முத்தா கீது பாத்தீங்களா?”

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓராண்டு கேட்ட இடத்தில் மூன்று மாதம் கொடுத்தார்கள். “தேதியச் சொன்ன நாய் எது?” என்று முதலாளி ஆலை அதிரக் கத்தினார். எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பொய்யால் வேலை தப்பியது. அண்ணி அந்தப் பாவை அலசி அரக்குச் சாயத்தில் முக்கினாள். என் தட்டை மட்டும் அடுக்கிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, நாலு தெரு தள்ளி ஓர் அறைக்குப் போனேன்.

புகைபோக்கி உயர்ந்தது. எங்கள் தெருவில் சந்தன நிறப் பாவு மறுபடியும் வெயில் கண்டது. ஆலை வாசலில் நின்றே பார்த்தேன், பக்கத்தில் போகவில்லை. உயரத்திலிருந்து கிளம்பிய கரி இப்போது தூரம் போய் விழுந்தது. நாலு தெரு தூரம். கொடியில் காயும் என் வெள்ளை வேட்டிகள் புள்ளி புள்ளியாக வந்தன. ஆலைச் சம்பளத்தில் சாப்பிடுகிறவன் யாரிடம் போய்ப் புகார் செய்வது? கருநீலத்தில் மூன்று லுங்கி வாங்கினேன்.

ஒருநாள் காலை அண்ணி அந்த வழியாக வந்தாள். கொடியைப் பார்த்தாள். மாதக்கணக்கில் என்னோடு பேசாதவள் நின்றாள்.

“இன்னா தம்பி, நீயும் நிறம் மாத்திட்டியா?”