கடவு விடாத வேலி

அன்று வேலியோரம் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்காரர். வார்டு மெம்பர். என்னோடு குழி தோண்டும் மாது. இடுப்பில் வெறுங்குடத்தோடு சகாயமேரி. அவளுக்குப் பின்னால் அவளுடைய மாமனார், காது மந்தமானவர். கடைசியாக நான், சூசை. வேலி போட்டவன்.

அந்த ஐந்து பேர் முன்னால் நான் பொய் சொன்னேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் காசு கொடுக்கவில்லை. நானாகச் சொன்னேன்... ஒரே சொல்.

ஒரு சொல்லுக்கா இத்தனை பாரம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது, ஐந்தாவதோடு நின்றவன். தெரிந்த வரைக்கும் நேராகச் சொல்கிறேன்.

பொம்மிடியிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில், அடிவாரத்தில் இருக்கிறது அந்த நிலம். ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கியிருந்தார். மாங்கன்று வைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், வீட்டு முன்னால் மலையைப் பார்த்து உட்கார மரப்பலகையில் ஒரு தளம் போட வேண்டும். 'டெக்' என்பார் அதை. எல்லாவற்றுக்கும் முன்னால் வேலி.

எங்கள் வெயிலுக்கு மரக்கால் நிற்காது. ஒரு கோடையில் வெடிக்கும், மறு கோடைக்குள் கரையான் தின்றுவிடும். அதனால் கல்லுக்கால், கல்லில் வெட்டிய தூண். எட்டடிக்கு ஒன்று, ஐந்து வரி முள்கம்பி. கம்பியை நடுவெயிலில் இழுத்துக் கட்டினால் மார்கழிக் குளிரில் சுருங்கிக் காலைச் சாய்த்துவிடும். விடியலில் கட்டினால் மத்தியானம் தொங்கும். வெயில் தாழ்ந்த பிறகே இழுப்பேன். வேலையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை... அதனால்தானே என் வாய்ச்சொல்லை நம்பினார்கள்!

நிலத்துக்கு மேல்புறம் ஒரே ஒரு வீடு. சகாயமேரியின் வீடு. புருஷன் கேரளாவில் கட்டட வேலை. குடிதண்ணீர்க் குழாய் கீழே ரோட்டோரம் இருக்கிறது. அவள் வீட்டிலிருந்து குழாய்க்கு அந்த நிலத்தின் ஊடே ஓர் ஒற்றையடித் தடம் போகும். நிலம் தரிசாகக் கிடந்த காலத்திலிருந்து குடம் போனதும் வந்ததும் அதில்தான்.

மேல்புற வேலிக்குக் குழி போட்டுக்கொண்டு வந்தோம். எல்லா இடத்திலும் செம்மண், கடப்பாரை இறங்கியது. ஓரிடத்தில் மட்டும் துள்ளியது. எட்டடிக் கணக்கு சரியாக அந்தத் தடத்தின் நடுவில் வந்து விழுந்திருந்தது. நடந்து நடந்து மண் சிமெண்டாக இறுகிக் கிடந்தது.

"உள்ள பொதையல் இருக்குதுண்ணா. அதான் பூமி உட மாட்டேங்குது," என்றான் மாது.

"கடப்பாரைய வெச்சிட்டு உன் வாயால தோண்டு. அதுதான் நீளமா இருக்குது," என்றேன்.

கேட்டுச் சிரித்துக்கொண்டே சகாயமேரி தடத்தில் ஏறி வந்தாள். இடுப்பில் நிறைகுடம். குழியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அண்ணா, இது நாங்க போற வழிங்கண்ணா."

"தெரியுதும்மா. பக்கத்துல கடவு விட்டுடலாம்."

கடவு என்றால் ஆள் மட்டும் நுழையும் சந்து. மாடு நுழையாது. வழி இருக்கிற இடத்தில் கடவு விடாமல் எங்கள் பக்கம் யாரும் வேலி போடுவதில்லை.

"கொடத்தோட போவணும்ணா. ரெண்டடி உட்டாப் போதும்."

"சாயந்திரம் சார் வராரு. நான் சொல்லிடறேன்."

பிறகு அவள் என்ன செய்தாள் தெரியுமா? கடப்பாரையோடு நான் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குடத்தைச் சாய்த்தாள்.

"ஊறட்டும்ணா. இந்த வெயில்ல எவ்வளவு நேரம்தான் குத்துவீங்க?"

முழுக் குடத்தையும் அந்தக் குழியில் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தோடு மறுபடி கீழே இறங்கினாள். குடிக்கிற தண்ணீர்!

மண் ஊறியது. கடப்பாரை இறங்கியது. கால் நின்றது.

சாயந்திரம் நிலத்துக்காரர் வந்தார். மூலைக்காலில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, வரிசையைப் பார்த்தார்.

"நூல் புடிச்ச மாதிரி இருக்கு மேஸ்திரி! ஒரு கால்கூட பிசகல. டெக்கும் நீங்களே பண்ணிடுங்க."

கடவைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த வரிசையில் ஒரு காலைப் பிடுங்கித் தள்ளி நட்டு, இரண்டு பக்கமும் முட்டுக்கல் கொடுத்து, கம்பியை அங்கே முடித்துத் திரும்பத் தொடங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. போன் இருந்தது... பேசவில்லை. வெயில் தாழ்ந்தது. கம்பியை இழுத்துக் கட்டிவிட்டேன்.

"கடவுண்ணா?" என்றான் மாது.

"அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சகாயமேரி மெம்பரைக் கூட்டி வந்தாள். நிலத்துக்காரரும் வந்திருந்தார். அதற்குள் உள்ளே டிராக்டர் விட்டு உழுதாயிற்று. மேலே அவள் வீடு வரைக்கும் பாறை. பாறையில் தடம் தெரியாது. தடம் இருந்ததற்கு அடையாளமாக மிஞ்சியது அந்த ஒரு குழி. அதையும் கல் நட்டு மூடியவன் நான்.

நிலத்துக்காரர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

"நான் யாரு வழியையும் அடைக்க வரலைங்க," என்றார் மெம்பரிடம். "கீழ ரோட்டோர கேட்டு பகல்ல தெறந்துதான் கெடக்கும். மேல வழி இருந்துச்சுன்னா இன்னைக்கே வெட்டி உட்டுடலாம். ஆனா நான் வாங்கினப்ப வெறும் முள்ளுப் பொதருதான் பாத்தேன்."

"சூசையண்ணனையே கேளுங்க சார்," என்றாள் சகாயமேரி. "குழி தோண்டுனவருக்குத் தெரியாதுங்களா?"

அவள்தான் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள்... அவள்தான்!

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "சொல்லுங்கண்ணா, தடம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் மெம்பர்.

ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். 'அப்புறம் ஏன் மேஸ்திரி எங்கிட்ட சொல்லல?' அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். வேறொன்றும் இல்லை. நம்புவீர்களா?

"இல்லீங்க," என்றேன்.

"என்னா சொன்னான்? சூசை என்னா சொன்னான்?" மாமனார் கத்தினார்.

சகாயமேரி அவர் காதோரம் குனிந்தாள். சத்தமாகச் சொன்னாள். "தடம் இல்லைன்னு சொல்றாரு மாமா."

"எந்தத் தடம்?"

"நம்ம தடம் மாமா."

அவர் சிரித்தார். நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். "நல்லாச் சொன்னான் போ!" என்றார்.

என் பொய்யை அவள் வாயால் சொல்ல வைத்தேன். நான் மெதுவாகச் சொன்னதை அவள் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று...

என் குடத்துத் தண்ணீரை ஊற்றித்தானே தோண்டினீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு வார்த்தை போதும், நான் அங்கேயே விழுந்திருப்பேன். ஏன் கேட்கவில்லை? நானே சொல்வேன் என்று காத்திருந்தாளா? இவனிடம் இனி என்ன பேச்சு என்று விட்டாளா? இன்று வரை தெரியாது. குடத்தை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும்போது மாது மொபட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தான். என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"ஏண்ணா, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நீ சொல்லியிருக்க வேண்டியதுதானே."

"என்னைய யாரு கேட்டாங்க? நீ இல்லைன்னப்பறம் நான் இருக்குதுன்னா, உன் மானம் போவாதா?" இறங்கும்போது, "டெக்குக்கு வேற ஆளப் பாத்துக்கண்ணா," என்றான்.

என் மானத்துக்காக அவனும் வாயை மூடினான். அதற்குப் பிறகு என்னோடு வேலைக்கு வரவில்லை.

டெக்கை நான்தான் போட்டேன். நன்றாகவே போட்டேன். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, வெயில் காய்ச்சலில் ஆணி எழும்பும் என்று திருகாணி போட்டு, கீழே காற்றோட்டம் வைத்து... நாலு கோடை போயிற்று, ஒரு பலகைகூட நெளியவில்லை. ஒவ்வொரு வருடமும் வெயில் ஏறுவதற்கு முன்னால் எண்ணெய் பூச நான்தான் போகிறேன்.

மலையைப் பார்த்துப் போட்ட தளம். அங்கே உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது வேலிக்கு அப்பால் இருக்கும் பாறைமேடு. சகாயமேரி இப்போது அதன் வழியாகச் சுற்றித்தான் தண்ணீருக்குப் போகிறாள். மேட்டின் முதுகில் ஏறி, ஓடையில் இறங்கி, ரோட்டைப் பிடிக்க வேண்டும். கோடையில் அந்தப் பாறையில் செருப்பு போட்டாலும் கால் சுடும். மழையில் வழுக்கும்.

முதல் வருடத்து மழையிலேயே வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள். கோணலாகக் கூடியது.

போன தடவை எண்ணெய் பூசும்போது நிலத்துக்காரர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பொழுது சாயும் நேரம். பாறை மேல் குடத்தோடு அவள் ஏறுவது தெரிந்தது, பின்னால் மலை. ஒரு பெண் செல்போனில் படம் எடுத்தாள். அழகாக இருக்கிறதாம்!

"ஏண்ணா, அந்த அக்காவுக்கு வேற வழி இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"இல்லீங்க."

அதே சொல்!

தவக்காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். குடித்ததைச் சொல்வேன். கோபத்தில் பெண்டாட்டியை ஏசியதைச் சொல்வேன். "வேற ஏதாச்சும் இருக்காப்பா?" என்று சாமியார் கேட்பார். அங்கேயும் அந்தச் சொல்தான் வருகிறது. நடுவே இருக்கும் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு என் முகம்கூடத் தெரியாது. அப்படியும்...

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை எதுவும் கேட்க முடியாது. அந்தத் தைரியம்தான். இதுவும் கோழைத்தனம்தானே?

இப்போது போய்ச் சொல்லலாம் என்பீர்கள். நிலத்துக்காரர் அன்றைக்கே வெட்டி விடுவார், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? அன்று அது சின்னக் கேள்வி. அவள் கை முறிந்த பிறகு அது அப்படியில்லை.

பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று உண்டு. எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும். சகாயமேரி பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில் இருப்பாள். என் பக்கமும் திரும்புவாள். எல்லாரையும் போல எனக்கும் கைகூப்புவாள். வலது கை கோணியிருப்பதால் இரண்டு உள்ளங்கையும் சேராது.

அந்த இடைவெளியைத்தான் பார்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்ததில்லை. நானும் கைகூப்புவேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் ஒருநாள் வேலியோரம் போனேன். கால்கள் அப்படியே நிற்கின்றன, நூல் பிடித்த மாதிரி. ஒன்றுகூட சாயவில்லை. அந்தக் கால் பக்கத்தில் நின்று கையால் அளந்து பார்த்தேன். ஓர் ஆள், இடுப்பில் ஒரு குடம்.

இரண்டடி.