திரும்பக் கூப்பிடாத ரஹீம் பாய்

என் பேரன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டான், கணக்கில் பள்ளிக்கே முதல். அவன் அக்காவுக்குப் புதுச்சேரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடைக்குட்டி ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தான். அதில்தான் இப்போது நான் காபி குடிக்கிறேன். இந்த மூன்றையும் ரஹீம் பாயிடம் சொல்ல, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டோடு மரக்காணத்தில் பஸ் ஏறி, போன வாரம் கூனிமேட்டில் இறங்கினேன். அவருடைய பழைய சாமான் கடை சாத்தியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "பாய் மௌத்தாயிட்டாரும்மா. அடக்கம் பண்ணி நாலு நாளாவுது. உனக்குச் சேதி வரலியா?" என்றார். பொட்டலம் கையிலேயே இருந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். பாயை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கெல்லாம் அவரைப் பற்றி இந்த இரங்கலை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவரிடம் பேரத்தில் தோற்றவள் என்கிற தகுதிதான்.

கருவாடு விற்பது என் தொழில். சந்தையில் இரண்டு பங்கு விலை சொல்லி ஒரு பங்குக்கு இறங்குவோம். வாங்குகிறவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடப்பாள், கூப்பிடுவோம், வருவாள். இதில் யாருக்கும் கோபம் கிடையாது. பாய் கடையில் மட்டும் அது செல்லாது. பழைய சைக்கிள், தையல் மிஷின், சுவர்க் கடிகாரம், எதுவானாலும் விலையை அட்டையில் எழுதி நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். "படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அட்டை, தெரியாதவங்களுக்கு என் வாய். ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்.

என் மகன் முருகேசன் உப்பளத்தில் வேலை செய்தவன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து, புண் ஆறவே இல்லை. இனி பாத்தியில் இறங்கினால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே சொன்ன மூன்று பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள். பாய் கடை வாசலில் ஒரு பழைய கார் நின்றது. அதை வாங்கிக் கொடுத்தால் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்வான் என்று, என் அப்பா கொடுத்த அரைக் காணியை விற்று, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு போனேன். அட்டையில் ஆறாயிரம் என்று இருந்தது.

"இன்னா பாய், இது காருக்கா, கப்பலுக்கா? நாலாயிரம் வாங்கிக்கோ."

"ஆறாயிரம் தங்கச்சி."

"ஒரு கதவு சாத்தவே மாட்டேங்குது."

"அது சாத்தலன்னுதான் ஆறாயிரம். சாத்தியிருந்தா ஆறரை."

"அப்போ எனக்கு வாணாம்."

"சரிம்மா. கடை சாத்துற வரைக்கும் வண்டி உன் பேர்ல நிக்கும்."

நடந்தேன். பத்தடி. இருபதடி. காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். கூப்பிடுவார் என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவது பஸ் கண்டக்டர், "ஏறுறியா ஆயா, காத்து வாங்கினு இருக்கியா?" என்றார். முருகேசனின் கால் கண்முன் வந்தது. வெட்கத்தை விட்டுத் திரும்பி ஓடினேன்.

கடை வாசலில் திண்டிவனத்துத் தரகர் ஒருவர் நின்றிருந்தார். மாட்டுச் சந்தையில் செய்வதுபோல், பாயின் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். உள்ளே எத்தனை விரல் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாய் கையை வெளியே இழுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிறாற்போலச் சொன்னார்: "ஏழாயிரம்னு ஏம்பா துண்டுக்குள்ள சொல்ற? அந்தம்மாவுக்குக் கடை சாத்துற வரைக்கும்னு சொல்லிட்டேன். எறங்காத வெலை ஏறவும் கூடாது."

"பொழைக்கத் தெரியாத ஆளுப்பா நீ" என்று தரகர் துண்டை உதறிக்கொண்டு போனார். நான் மடியை அவிழ்த்தேன். ஆறாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன்.

"ரெண்டு பஸ்ஸ வுட்டியே தங்கச்சி. பாத்துக்கினேதான் இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமில்ல பாய்?"

"கூப்பிட்டா, கொறைக்கத்தான் கூப்பிடறேன்னு நெனச்சிருப்ப."

வீடு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பாய் மாதம் ஒருமுறை என்னிடம் கருவாடு வாங்குவார். பேரம் பேசமாட்டார். நான் முதலில் சொல்லும் இரட்டை விலையை வருஷக்கணக்காய்க் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது நிஜ விலையைச் சொன்னேன். எடுத்த காசில் பாதியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, "கருவாடு மலிஞ்சுபோச்சா தங்கச்சி?" என்றார். "ஆமா பாய், மீன் நெறைய பட்டுது" என்றேன். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மற்றவர்களிடம் இன்றைக்கும் இரண்டு பங்குதான் சொல்கிறேன். பொய் எழுத மாட்டேன். முதல் வாயிலேயே நிஜ விலையைச் சொன்னது பாய் ஒருவரிடம்தான். அந்த நினைப்பையும், என் பேரப்பிள்ளைகளைப் படிக்கவைத்த அந்தக் காரில் தொங்கிய அட்டையையும் வைத்திருக்கிறேன். அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

பாயின் மகள் நூர்ஜஹானுக்கு ஒன்று. அப்பா முகம் உனக்கு. அவர் போட்டோ என்னிடம் இல்லை. கடையைத் திறந்ததும் வாசலில் பிள்ளைகளோடு நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு தாயே, அட்டைகள் தெரியவேண்டும். ஸ்டுடியோக்காரர் அதிகம் கேட்டால் என்னைப்போலப் பத்தடி நட. அவர் கூப்பிடுவார்.