கீரைப் பாத்தியில் சன்னங்கள்

படையினர் விடுவித்த எங்கள் காணியில் மிஞ்சியவை கிணறும், அவர்கள் சுட்டுப் பழகிய மண் அணையும்தான். பல வருடம் உழாத மண்ணில் சத்து அதிகம் என்று எங்கோ வாசித்திருந்தேன். வாசித்தவன் சும்மா இருப்பானா? அணையை வெட்டி, அந்த மண்ணைப் பரப்பிக் கிணற்றடியில் கீரைப் பாத்தி போட்டேன். தட்டுப்பட்ட துப்பாக்கிச் சன்னங்களைக் கல் மாதிரிப் பொறுக்கி எறிந்தேன். கர்ப்பிணியான மகளுக்குத் தினமும் கீரைக்கறி.

ஒருநாள் குருநகர்க் கடற்றொழிலாளி அந்தோனி அரிதட்டோடு வந்தார். அணை மண்ணை அரித்துச் சன்னங்களைப் பொறுக்கி, உருக்கி, வலைக்குக் கட்ட ஈயம் எடுக்க வேண்டுமாம்.

"அணை எங்கை, அண்ணை?"

"உந்தக் கீரைக்குக் கீழை."

அவர் முகம் மாறியது.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலையோ? நான் ஈயம் உருக்கேக்கை பிள்ளையளைக் கிட்டவும் விடுறேல்லை!"

பரிசோதித்ததில் மகளின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. குழந்தையைப் பற்றி டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

காணியை ஒப்படைத்த அலுவலகத்தில் போய் மண்ணை அகற்றித் தரக் கேட்டேன். "காணியைப் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வச்சிட்டீங்கள்தானே?" என்றார் அதிகாரி.

இப்போது கீரை வாங்குவது சந்தையில், தண்ணீர் வருவது பவுசர் வண்டியில். மண்ணைக் கிணற்றிலிருந்து தூரமாகக் குவித்துத் தறப்பாள் விரித்து மூடியிருக்கிறேன். மழை இருட்டினால், ஈயம் நிலத்தில் ஊறிவிடாமல் ஓடிப்போய் அதை இழுத்துக் கட்டுகிறேன். முன்பு அந்த அணைக்கு ஆமி காவல்; இப்போது சம்பளமில்லாமல் நான்.