தொண்ணூற்று மூன்றாம் பக்கத்து விமானம்

கையேடு எழுதுவது என்பது அடுத்தவர் சமைத்ததை நாம் பரிமாறுகிற தொழில். குழம்பில் உப்பு இல்லையென்றால் வசவு பரிமாறியவருக்குத்தான். உங்களில் யாராவது மிக்ஸிக்கோ மோட்டாருக்கோ செல்போன் செயலிக்கோ கையேடு எழுதியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே பந்தி.

விமானம் பறக்கும்போது உயரம், வேகம், இன்ஜின் சூடு எல்லாம் நொடிக்கு நொடி பதிவாகின்றன. இறங்கிய பிறகு அவை ஒரு டேட்டாபேஸில் போய்ச் சேரும். அதிலிருந்து வேண்டிய பயணத்தைத் தேடியெடுத்துப் பார்க்க எங்கள் பெங்களூர் கம்பெனி ஒரு மென்பொருள் விற்கிறது. அதற்குக் கையேடு எழுதுவது நான், கொட்டச்சேடு என்ற மலைக்கிராமத்தில் என் வீட்டிலிருந்தபடியே.

சரசுவின் மரியாதை

பக்கத்து வீட்டு சரசு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். என் லேப்டாப்பில் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, நான்தான் இங்கிருந்து பிளேன் ஓட்டுகிறேன் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தார். நான் வேலையில் இருக்கும்போது சத்தமாகப் பேசக்கூடாது என்று வீட்டாரையும் அதட்டி வைத்திருந்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் மனசாட்சி உறுத்தியதால் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். விமானம் இறங்கின பிறகுதான் எங்கள் வேலை, எங்கே வேகம் கூடியது, எங்கே தடதடவென்று இறங்கியது என்று பார்ப்பார்கள் என்றேன். சரசுவின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப எல்லாம் முடிஞ்ச பொறவு, அவன் அப்படிப் பறந்தான், இப்படி எறங்குனான்னு நொட்டை சொல்ற வேலைங்களா? அதுக்கு எங்க மாமியாளே போதுமுங்களே!"

தெரியாத பட்டன்

மென்பொருளை எழுதிய பரத் கெட்டிக்காரப் பையன். அவனிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். திரையின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு என்ன எழுதட்டும் என்று மூன்று மெயில் போட்டேன், பதிலே இல்லை. கடைசியில் வீடியோ காலில் பிடித்தேன். இங்கே மழை, நெட் விட்டு விட்டு வந்தது. அவன் சொன்னதில் இது மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது.

"அது எதுக்குன்னு எனக்கும் தெரியாதுக்கா. ஆனா அதை எடுத்தா மொத்தமும் நின்னுடுது, அதனால விட்டு வெச்சிருக்கோம்."

எளிய படிகள்

எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு விமான நிறுவனம். அங்கே பாதுகாப்புப் பிரிவில் சேகர் என்று ஓர் அதிகாரி. என் கையேட்டை முழுசாக அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மேஜைமேல் வைத்திருப்பவர். அப்படியிருந்தும் ஒரே வாரத்தில் நாலு முறை கம்பெனிக்குப் போன் செய்து, பட்டியலில் விமானத்தைக் காணோம் என்றார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கையேட்டைத் திருத்தி அனுப்ப வேண்டும், அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் சேகரிடமிருந்து ஒரு போன் வந்தாலும் நான் பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்றார். என் கணவர் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் வாத்தியார். மகள் இங்கேதான் படிக்கிறாள். இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான் ஹாஸ்டலில் போய் இருப்பதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இந்த லட்சணத்தில் சேகர் சார் தன் பங்குக்கு ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தார்.

"எளிய படிகள்னு போட்டிருக்கீங்களேம்மா, எளிமை உங்களுக்கா எனக்கா?"

ரைட்டர் வைத்த பரீட்சை

எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. எஸ்டேட் ரைட்டர் பொன்னுசாமி அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தினமும் காலையில் யார் எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று வேலை பிரித்துக் கொடுப்பவர். பி.காம். படித்தவர், பிளேனைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கையேட்டில் இருப்பதை மட்டும் அப்படியே செய்யுங்கள் என்றேன். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிய ஒரு விமானத்தைத் தேடினார். தேதியைப் போட்டார், பட்டியலில் அது இல்லை. நானும் பார்த்தேன், இல்லை.

எனக்குச் சுரீரென்றது. மென்பொருளில் இருப்பது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே விடியற்காலை விமானமெல்லாம் முந்தின நாள் தேதியில்தான் இருக்கும். இதை நான் எழுதாமல் விடவில்லை, தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் 'கவனிக்க' என்று கட்டம் கட்டியே போட்டிருந்தேன். புரட்டிக் காட்டினேன். அண்ணன் அதை நிதானமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, எந்த மரத்துல குளவி கட்டியிருக்குதுன்னு நாங்க காலைல சொல்லிப்போட்டுத்தான் ஆளுங்களக் காட்டுக்கு உடுவோம். கொட்டுன பொறவு சொல்ற வழக்கமில்லீங்க."

ஏழாம் நாள்

அந்த வாரமே எச்சரிக்கை எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு வந்து, அந்தந்த வேலை தொடங்கும் இடத்தில் வைத்தேன். தேதி விஷயம் முதல் பக்கத்துக்கு வந்தது. புதுக் கையேடு போனது. ஆறு நாள் ஒரு போனும் இல்லை. ஏழாம் நாள் மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு, சேகர் போன் செய்துவிட்டார் என்றார். எந்த விமானம் காணோமாம் என்று மெதுவாகக் கேட்டேன். எதுவும் காணாமல் போகவில்லையாம். ஒரு வாரமாக யாரையும் எதுவும் கேட்க வேண்டியே வரவில்லை, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றாராம். அப்படியானால் அந்தப் போன் கணக்கில் சேருமா, சேராதா? மேனேஜர் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் நான் மானசீகமாகப் பெட்டி கட்டி, பெங்களூர் போய், திரும்பியும் வந்துவிட்டேன்.

"சரி, நீங்க அங்கேயே இருங்க. ஆனா இனிமே பாராட்டணும்னா மெயில்ல பாராட்டச் சொல்லுங்க."

நம் தொழிலில் நல்ல பெயர் எடுப்பதென்றால் போன் அடிக்காமல் இருக்க வேண்டும். எடுத்துவிட்டோம் என்பதையோ போன் அடித்துத்தான் சொல்கிறார்கள்.