ஒற்றர் விட்ட ஒரு பிழை

அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ஒற்றர். வேவு பார்ப்பவர் என்று மிரள வேண்டாம், பிழைதிருத்துபவர்தான். க், ச், த், ப் என்று ஓர் ஒற்று எங்கே விடுபட்டாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். மனைவி ஆசையாக எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்த புண்ணியவான். அந்த அம்மாள் அதற்குப் பிறகு எழுதவே இல்லை, எல்லாம் வாய்மொழிதான்.

மகள் முதன்முதலாக "அபா" என்றபோது இவர் குனிந்து, "ப் எங்கடி போச்சு? அப்...பா" என்றார்.

"குழந்தையையுமா ப்ரூஃப் பாக்கறீங்க?" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரே வாரத்தில் "அப்பா" வந்துவிட்டது. ஒற்றருக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வயதுக்கு மேல் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தண்ணி போனது. அம்மா போனது. அப்பா மறுபடி அபா ஆகி, ஒருநாள் அதுவும் நின்றது. பிஞ்சுக் கைகள் மட்டும் ஓயாமல் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "மூளைக்குன்னு ஆயிரக்கணக்கான மரபணு சேர்ந்து வேலை செய்யுதுங்க. இவளுக்கு அதுல ஒண்ணுல ஒரு எழுத்து மாறியிருக்கு."

வேறு நாளாக இருந்தால் 'ஓர் எழுத்து' என்று திருத்தியிருப்பார்.

"மொத்தம் எத்தனை எழுத்து?"

"முந்நூறு கோடி."

"அதுல ஒண்ணே ஒண்ணா?" ஒற்றர் நாற்காலி நுனிக்கு வந்தார். கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. "இடம் தெரியுமில்ல? அப்புறமென்ன, திருத்திடலாமே!"

"இடம் தெரியும் சார். ஆனா உடம்பு முழுக்க, செல்லுக்குச் செல் கோடிக்கணக்கான பிரதி. திருத்தற வழி எங்க கையில இன்னும் இல்ல."

"என்கிட்டேருந்தா வந்துச்சு, இவர்கிட்டேருந்தா?" என்றாள் மனைவி.

"யாரும் தப்பு பண்ணலம்மா. நகல் எடுக்கறப்போ தானா விழுந்தது."

பிழைதிருத்த வந்த பதினெட்டு வருஷத்தில், யாரையும் திட்ட முடியாத முதல் பிழை.

அடுத்த மாதம் ஒரு குழந்தைகள் புத்தகம் அச்சாகி வந்தது. முதலாளி பாய்ந்தார்: "என்ன ஒற்றரே, முதல் பக்கத்துலயே 'அபா வந்தார்'னு இருக்கு! கண்ணுல படலயா?"

"பட்டுச்சு."

"அப்புறம்?"

"ஒரு தடவை திருத்தினேன் முதலாளி. நிக்கல."

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒற்றர் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். மகள் மடியில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, "அபா" என்று படித்துக்காட்டிவிட்டு, அவள் உதட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.