டீச்சரம்மாவின் கை உறைந்த வாரம்

டீச்சரம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் கையில்தான். அந்தக் கை பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கண் சிமிட்டக்கூட யோசிப்பார். கோபம் வந்துவிட்டால் புருவமும் சேர்ந்துகொள்ளும். அவருடைய வீட்டுக்காரர் முன்னறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரைகள் தைக்கிறவர். "எங்க வீட்ல சத்தமே இல்லாம சண்டை நடக்கும். ஒரு தடவைகூட நான் ஜெயிச்சதில்ல" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மகள் பிறந்த அன்று நடந்ததை டீச்சரம்மா மறக்கவே இல்லை. பிரசவ அறைக்குள் வீட்டுக்காரரை விடவில்லை. நர்சுகள் வாயை மூடித் துணி கட்டியிருந்ததால் உதட்டசைவும் தெரியவில்லை. வலி எங்கே என்று கேட்கிறார்களா, குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிறார்களா, ஒன்றும் புரியாமல் அந்தக் கண்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்தப் பயம் அடிவயிற்றில் தங்கிவிட்டது.

மகள் படித்து வேலைக்கென்று வெளியூர் போன பிறகு, டீச்சரம்மா அதே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றார். 'உங்கள் நர்சுகளுக்குச் சைகை மொழி சொல்லித் தருகிறேன்' என்று எழுதிக் காட்டினார். பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். திருப்பி அனுப்பினார்கள். விடாப்பிடியாக மறுபடியும் போய் நின்றதும், போனால் போகிறதென்று சில நர்சுகளைச் சேர்த்துவிட்டார்கள். வீட்டுப் பின்னறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வீடியோவில் வகுப்பு எடுத்தார். ஊமைப்படம் மாதிரி ஆரம்பித்த வகுப்பு, போகப் போகக் களைகட்டியது.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் இன்டர்நெட் காலை வாரிவிட்டது. மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் கேட்கும், சமாளித்துக்கொள்ளலாம். டீச்சரம்மாவுக்குப் படம் நின்றால் வாயைப் பொத்திய மாதிரி. கை பாதி வார்த்தையில் உறைந்து, அப்புறம் ஒரே தாவாகத் தாவி வேறெங்கோ போய் நின்றது. 'மூச்சு விட முடிகிறதா' என்று காட்டினால், அந்தப் பக்கம் நர்சுகள் திருதிருவென்று விழித்தார்கள்.

வீட்டுக்காரர் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். முன்னறையில் இருந்த இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். மறுபடி அணைத்துப் போடச் சொன்னார்கள்.

"அடுத்த வாரம் ஆள் அனுப்புறாங்களாம். லைன்ல ஒரு குறையும் இல்லன்னு சாதிக்கிறாங்க, பொய்!" என்று கையால் சொன்னார்.

"நாளைக்குப் பரீட்சைங்க! தலைமை நர்ஸ் பார்க்க வராங்க. நல்லா இருந்தாத்தான் மத்த வார்டுக்கும் வகுப்பு" என்றன டீச்சரம்மாவின் கைகள்.

"அப்ப என்ன செய்யறது?"

"நீங்க தள்ளுங்க. நான் பாக்குறேன்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். இன்டர்நெட் பெட்டியிலிருந்து பின்னறைக்குப் போகும் நீள வயரைப் பிடுங்கினார். அங்கே கிடந்த குட்டை வயரைச் செருகி மகளுக்கு வீடியோ போட்டார். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், வாயோரம் ஒட்டிய பருக்கைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"என்னம்மா, திடீர்னு?" என்று அவள் கை காட்டியது.

"ஒண்ணுமில்ல, வாயைத் துடை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஆக, லைன் சரி. பெட்டி சரி. லேப்டாப்பும் சரி. மிச்சம் இருப்பது அந்த நீள வயர்தான். டீச்சரம்மா தரையில் மண்டியிட்டு, சுவரோரமாக அதை விரலால் தடவிக்கொண்டே நகர்ந்தார். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் விரல் நின்றது. இரும்புக் காலுக்குக் கீழே வயர் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

தலையை வெளியே நீட்டிக் கேட்டார்: "இந்த மேஜையை இங்க நகர்த்தினது யாரு?"

வெளிச்சம் நன்றாக விழுகிறதென்று போன வாரம் நகர்த்திய மனிதர் கூரையைப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் பொய் சொல்றான்னு சொன்னீங்களே?"

"அவனும் கொஞ்சம் நல்லவன்தான் போல" என்றார் அவர் அசடு வழிந்தபடி.

பிராயச்சித்தமாகக் கடைத்தெருவுக்கு ஓடிப் புது வயர் வாங்கிவந்து, தரைப்பக்கமே விடாமல், கதவுக்கு மேலே திரை வளையங்களில் கோத்துப் பின்னறைவரை கொண்டுபோனார். அவர் தைத்த திரைகளில்கூட அவ்வளவு நேர்த்தி இருந்ததில்லை.

மறுநாள் வீடியோவில் தலைமை நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். பரீட்சையில் டீச்சரம்மாதான் நோயாளி வேஷம். வகுப்பிலேயே அதிகம் கூச்சப்படும் நர்ஸ் ஒருத்தி முன்னால் வந்தாள். டீச்சரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிரசவ வலி என்று காட்டினார். முன்கூட்டிச் சொல்லிவைக்காத கேள்வி அது.

அந்தப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவள் கைகள் எழுந்தன. திரையில் தடங்கலே இல்லாமல், விரல் விரலாகத் தெரிந்தன.

"பயப்படாதீங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். குழந்தை நல்லா இருக்கு. வலி எங்கன்னு காட்டுங்க."

டீச்சரம்மா கதவருகே நின்ற வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'பார்த்தீங்களா, என் பிள்ளைகளை' என்பது போல டீச்சரம்மா தலை நிமிர்ந்தது.

தலைமை நர்ஸ் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டார். பிறகு, கட்டியிருந்த கைகளைப் பிரித்து, தட்டுத்தடுமாறித் தானே சைகை காட்டினார்: "எல்லா வார்டுக்கும்."

டீச்சரம்மா லேப்டாப் திரையருகே நெருங்கி உட்கார்ந்தார். "ரொம்ப நல்லது. கட்டைவிரலை மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க" என்றார்.