மூன்று மணிக்கு அறுந்த இணைப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு முதுகில் டிஸ்க் விலகியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தெலுக் பங்லிமா காராங்குக்கு இன்னொரு பஸ் என்று ஒன்பது வருடம் குலுங்கிக் குலுங்கிப் போய் வந்ததன் பலன். மூன்று மாதத்துக்கு பஸ் ஏறக் கூடாது என்றார் டாக்டர். நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையின் மேலாளர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு மடிக்கணினியைக் கொடுத்தனுப்பினார். தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் குறிப்புகளை மலாயிலும் தமிழிலும் மொழிபெயர்த்து, தினமும் நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.

அப்போது வீட்டு இணையம் என்பது தொலைபேசிக் கம்பிதான். ஹால் போனின் ஒயரைக் கழற்றி மடிக்கணினியில் செருகினால் அது கீச்சென்று கத்தி, கரகரத்து, பிறகு அடங்கும். அடங்கினால் இணைப்பு வந்துவிட்டது. காலையில் ஒரு தகராறும் இருக்காது. மூன்று மணிக்கு மொழிபெயர்ப்பை அனுப்ப உட்கார்ந்தால்தான் பாதி போனதும் அறுந்துவிடும். மறுபடி முயன்றால் மறுபடியும் அறுந்துவிடும். நான்கரைக்கு ஒயரை மாற்றிப் போனில் செருகியதும் மேலாளர் கூப்பிடுவார்.

“என்னம்மா, ஃபைல் பாதிதான் வந்திருக்கு. ஷிஃப்ட் மீட்டிங்கே முடிஞ்சிருச்சு லா.”

வீட்டில் பகலில் நானும் மாமனாரும் மட்டும். அவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு அதிகம் பேசமாட்டார். மதியம் முழுவதும் அவர் அறைக் கதவு பாதி சாத்தியே இருக்கும். என் கணவர் சுபாங் ஜெயாவிலிருந்து வேலை முடிந்து வர ஏழு மணியாகும்.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். கணினியை அணைத்துப் போடச் சொன்னார்கள், மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றச் சொன்னார்கள். கீழ்க்கடையில் புது ஒயர் வாங்கி வந்தேன். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்ன முதுகோடு மேசைக்கு அடியில் தவழ்ந்து அதைச் செருகினேன். மூன்று மணிக்கு அறுந்தது.

கடைசியில் லைன் பார்க்கிறவரை வரவழைத்தேன். காலை பத்து மணிக்கு வந்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“லைன் கிளியரா இருக்கு அக்கா. வேற எக்ஸ்டென்ஷன் இருக்கா?”

“மாமா ரூம்ல ஒண்ணு இருக்கு அண்ணே. யாரும் தொடறதில்ல.”

அத்தை படுக்கையில் இருந்தபோது வைத்த போன் அது. லைன் பார்க்க வந்தவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்படி இரண்டு வாரம். ஒரு வியாழக்கிழமை, இணைப்பு மூன்றாம் முறை அறுந்ததும் எனக்கு எதுவுமே வேண்டாமென்று ஆகிவிட்டது. அப்படியே தரையில் பாயை விரித்துப் படுத்தேன். அந்த அமைதியில் மாமாவின் அறையிலிருந்து ரிசீவரை வைக்கும் ‘டக்’ சத்தம் கேட்டது. மெல்ல எழுந்து போய்ப் பார்த்தேன். போனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“மாமா, நீங்களா போனை எடுக்கறீங்க?”

“லைன் ஃப்ரீயா இருக்கான்னு பாத்தேம்மா. ஒரே இரைச்சலா கேக்குது.”

“யாருக்குக் கூப்பிடணும்?”

“கூப்பிடறதுக்கு இல்ல. வரணும்.” கட்டிலில் உட்கார்ந்தார். “சின்னவ மூணு மணிக்குத்தான் பண்ணுவா. அப்போ வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன். ரெண்டு வாரமா மணியே அடிக்கல.”

சின்னவள் என் நாத்தனார். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஈப்போவுக்குப் போய் நாலு வருடம். அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று என் கணவர் சொல்லியிருந்தார். நானும் எடுக்கவில்லை. மாமா ரிசீவரை எடுத்ததால் என் இணைப்பு அறுந்தது. நான் விடாமல் முயன்றுகொண்டே இருந்ததால் அவளுக்கு லைன் கிடைக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. மேசைக்கு அடியில நான் படாத பாடு பட்டேனே.”

“சொன்னா நீ உன் புருஷன்கிட்ட மறைக்கணும். உனக்கு எதுக்கும்மா அந்தத் தொல்லை?”

அதற்குமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, இரண்டரைக்குள் வேலையை அனுப்பிவிட்டு, ஒயரைப் போனில் செருகிவிட்டேன். கணவர் கேட்டபோது, “ஒயர்தான் கோளாறு. மாத்திட்டேன்” என்றேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவருக்கு விஷயம் தெரியவர இன்னும் ஒரு வருடம் ஆனது. அந்தச் சண்டை வேறு.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மணி அடித்தது. பழக்க தோஷத்தில் ஹாலில் நான் எடுத்துவிட்டேன்.

“அப்பா?”

“நான்தான்.”

வைத்துவிடப் போகிறாள் என்று பயந்துபோனேன்.

“வச்சிராதே. மாமா எடுப்பாரு, ஒரு நிமிஷம் இரு.”

“அண்ணி…” என்றாள். அதற்குள் உள்ளே மாமா ரிசீவரை எடுத்துவிட்டார். நான் என்னுடையதை வைத்தேன். பாயில் போய்ப் படுத்தபோது, சாப்பிட்டாயா என்று அவர் மகளிடம் கேட்பது கதவிடுக்கில் கேட்டது.